மக்கும் பால் உறை

பால் பாக்கெட்டின் உறை, குறை அடர்த்திப் பாலிஎத்திலீன் வகைகளைக் கலந்து ஊதி எடுக்கும் மெல்லிய படலம். தடிமன் ஏறத்தாழ 50 மைக்ரான். அரை லிட்டர் பாலைத் தாங்கும் உறையின் எடை இரண்டு மூன்று கிராம்தான். கடலூரிலும் சிதம்பரத்திலும் விடியற்காலையில் வாசலுக்கு வரும் பாக்கெட், காபி முடிவதற்குள் வெறும் கவராகிவிடுகிறது. பாலுக்கு ஆயுள் இரண்டொரு நாள்; கவர் பல பத்தாண்டுகள் மண்ணில் கிடக்கும்.

தமிழ்நாடு அரசு 2018 ஜூனில் பிறப்பித்த ஆணைப்படி, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. பால், தயிர், எண்ணெய், மருந்து ஆகியவற்றின் உறைகளுக்கு அப்போது விலக்கு கிடைத்தது. தேநீர்க் குவளைக்கும் கைப்பைக்கும் மாற்று இருந்தது. பாலுக்கு அதே விலையில் மாற்று இல்லை.

ஏன் இல்லை என்பது உறை செய்ய வேண்டிய வேலைகளைப் பார்த்தால் விளங்கும். பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு நீர். நிரப்பும் இயந்திரத்தின் சூடான தாடைகளுக்கிடையே, பால் நனைத்த ஓரத்திலும், நொடிப் பொழுதில் உறை ஒட்டிக்கொள்ள வேண்டும். டிரேயில் அடுக்கி வண்டியில் குலுங்கும்போது கிழியக் கூடாது. ஒளியும் பாலுக்குப் பகை. பாலிலுள்ள ரிபோஃபிளேவின் என்னும் பி2 வைட்டமின் ஒளியை உறிஞ்சிக் கொழுப்பையும் புரதத்தையும் ஆக்சிஜனேற்றத்துக்கு உள்ளாக்குவதால் சுவை கெடும். நீரைக் காப்பதையும் ஈர ஓரத்தில் ஒட்டுவதையும் பாலிஎத்திலீன் மலிவாகச் செய்கிறது. மாற்றைத் தேடுவோர் முதலில் இதை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

கரியணுக்கள் நேரடியாக ஒன்றோடொன்று பிணைந்த நீண்ட சங்கிலியே பாலிஎத்திலீன். நுண்ணுயிரிகளின் நொதிகள் வெட்டுவதற்கு வாய்ப்பான இடம் அதில் இல்லை. சங்கிலி முழுதாக உயிரணுவுக்குள் நுழையவும் முடியாது. மக்கும் பிளாஸ்டிக்குகளில் பெரும்பாலானவை பாலியெஸ்டர்கள். அவற்றின் எஸ்டர் பிணைப்பை நீரும் நொதியும் பிளக்கும். அப்படியானால் நீர் மிகுந்த பாலை அதில் எப்படி ஊற்றி வைப்பது? குளிர்ந்த நிலையில் இரண்டொரு நாளில் நிகழும் பிளவு பொருட்படுத்தத் தக்கதன்று. மாதக்கணக்கில் வைக்கும் பால் பொடியைவிட அன்றாடப் பால் இந்த வகையில் எளிய வேட்பாளர்.

பிளாஸ்டிக் சிதைவு பற்றிய ஆய்வில் கடலூர் வட்டாரத்தின் முக்கியமான பங்களிப்பு பரங்கிப்பேட்டையிலிருந்து வந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையத்தைச் சேர்ந்த கதிரேசன் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பாலித்தீன் பைகளும் பிளாஸ்டிக் குவளைகளும் அலையாத்தி மண்ணில் வைக்கப்பட்டு 2, 4, 6, 9 மாதங்களில் சோதிக்கப்பட்டன. ஒன்பது மாதத்தில் பாலித்தீன் பைகளில் அதிகபட்சமாக 4.21 விழுக்காடும், குவளைகளில் 0.25 விழுக்காடும் மட்டுமே சிதைந்தன. அவற்றின்மேல் வாழ்ந்த நுண்ணுயிரிகளைப் பிரித்தெடுத்து ஆய்வகக் குடுவையில் குலுக்கி வளர்த்தபோது, ஆஸ்பெர்ஜிலஸ் கிளாக்கஸ் என்னும் பூஞ்சை ஒரே மாதத்தில் 28.80 விழுக்காடு பாலித்தீனையும், சூடோமோனாஸ் பாக்டீரியா 20.54 விழுக்காட்டையும் சிதைத்தன. பிளாஸ்டிக்கைச் சிதைக்க வல்ல உயிரிகள் அலையாத்தி மண்ணில் உண்டு என்று ஆய்வு நிறுவியது. அதற்கு இணையாக மதிக்கத்தக்கது இந்த இரண்டு வகை எண்களுக்கு இடையிலுள்ள தூரம். குடுவையில் கிடைத்த வேகம் சேற்றில் கிடைக்கவில்லை. மக்கும் உறை என்று விற்கப்படும் எதையும் இந்தத் தூரத்தை மனத்தில் வைத்தே அளக்க வேண்டும்.

பாலிஎத்திலீனுக்கு மாற்றாக நிற்கும் வேட்பாளர்களில் முதலாவது பாலிலாக்டிக் அமிலம். தயிரைப் புளிக்க வைக்கும் அதே லாக்டிக் அமிலத்தைச் சர்க்கரையிலிருந்து நொதிக்க வைத்துக் கோத்த சங்கிலி இது. விறைப்பானது, எளிதில் முறியும், பாலிஎத்திலீனைவிட நீராவியை அதிகம் கசியவிடும். கப்புக்கு ஏற்றது, தனியாகப் படலத்துக்கு ஏற்றதன்று. பாக்டீரியா தன் உடலுக்குள் உணவுச் சேமிப்பாக வைத்துக்கொள்ளும் பாலிஹைட்ராக்சிபியூட்டிரேட் இன்னொன்று. 1926இல் பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் லெமுவான் விவரித்த இப்பொருள் மண்ணிலும் கடல்நீரிலும்கூடச் சிதையும் என்பது பிச்சாவரம் போன்ற நீர்வழிகளுக்கு அருகில் பெரிய தகுதி. விலை அதிகம், உருகும் வெப்பநிலைக்குச் சற்று மேலேயே கெட்டுப்போவதால் உருக்கி ஊதுவதும் கடினம். வளையும் படலத்துக்கு இன்று பெரிதும் பயன்படுவது பி.பி.ஏ.டி. என்னும் பாலியெஸ்டர்; பெட்ரோலிய மூலப்பொருளிலிருந்து வந்தாலும் மக்கக்கூடியது. அதனுடன் பாலிலாக்டிக் அமிலத்தையோ ஸ்டார்ச்சையோ கலப்பதே நடைமுறை. ஸ்டார்ச் கூடினால் விலை குறையும். நீரை உறிஞ்சும் தன்மையும் கூடும்.

பால் புரதமான கேசீனிலும் படலம் செய்யலாம். அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் 2016இல் கேசீனோடு பெக்டின் சேர்த்து, சாதாரணப் படலத்தைவிட ஆக்சிஜனை மிக நன்றாகத் தடுக்கும் உறையைக் காட்டினர். அது நீரில் கரையும் என்பதால் பாலுக்கு ஆகாது. பாலாடைக்கட்டித் துண்டுகளின் உள்ளுறைக்குப் பொருந்தும்.

மக்குவது எங்கே என்பது எதிலிருந்து செய்தது என்பதைவிடக் கனமான கேள்வி. ஐ.எஸ். 17088 தரநிலைச் சோதனையில், 58 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்த உரக்குவியலில் 180 நாளுக்குள் பொருளின் கரிமத்தில் 90 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடாக வேண்டும். கெடிலம் ஆற்றின் கரையிலோ உப்பனாற்றிலோ கிடக்கும் கவருக்கு அந்தச் சூடு கிடைக்காது. பாலிலாக்டிக் அமிலம் அங்கே ஆண்டுக்கணக்கில் கிடக்கும். உலோக உப்பு சேர்த்துத் துண்டு துண்டாக உதிரச் செய்யும் பாலிஎத்திலீனோ இதைவிட மோசம்: கண்ணுக்கு மறைந்து நுண்நெகிழியாகத் தங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அதைத் தடை செய்தது சரியான முடிவு.

மக்கும் பிளாஸ்டிக்குக்கான மூலப்பொருள் கடலூர் மாவட்டத்துக்கு அந்நியமன்று. நெல்லிக்குப்பத்தில் 1842இல் தொடங்கிய பாரி சர்க்கரை ஆலை முதல் கரும்பு இங்கே நீண்ட வரலாறு உடையது. சர்க்கரைப் பாகும் கழிவுப்பாகும் பாலிலாக்டிக் அமிலத்துக்கும் பாலிஹைட்ராக்சிபியூட்டிரேட்டுக்கும் நொதிப்பு மூலப்பொருளாகும்.

பழைய பால் கவரைப் பழைய பொருள் கடைக்காரர் எடைக்கு வாங்குகிறார். அது மறுசுழற்சிக்குப் போகிறது. மக்கும் கவர் அதே மூட்டையில் கலந்தால் இரண்டும் கெடும். ஆகையால் எல்லாப் பால் பொருள்களுக்கும் ஒரே நாளில் மக்கும் உறைக்கு மாறுவது தவறு. மக்கும் தயிர்க் கப்பும் ஐஸ்கிரீம் கப்பும் முதலில் வர வேண்டும்: அவற்றைக் கழுவி விற்பவர் அரிது, உணவு மிச்சத்தோடு உரக்குழிக்கே போகலாம். அண்ணாமலை நகரின் பல்கலைக்கழக விடுதி உணவுக்கூடங்களைப் போல, பொருள் வருவதும் கழிவு போவதும் ஒரே வாசலில் நடக்கும் இடங்கள் சோதனைக்கு உகந்தவை. அங்கே உரக்குவியலின் வெப்பத்தை நாள்தோறும் குறித்து, பன்னிரண்டு வாரம் கழித்துச் சல்லடையில் மிஞ்சும் துண்டுகளை எடைபோட்டால், படலப் பாக்கெட்டுக்கு எந்தக் கலவையை எடுப்பது என்பதற்கு இந்த மண்ணின் எண்ணே கிடைத்துவிடும்.