அனுப்புகிறவரின் நாற்காலி

‘தி டான் பேட்ரோல்’ என்பது முதல் உலகப் போரில் பிரான்ஸ் மண்ணிலிருந்து பறந்த பிரிட்டிஷ் போர் விமானிகளைப் பற்றிய அமெரிக்கப் படம். ஒரே கதை எட்டு ஆண்டு இடைவெளியில் இருமுறை படமானது. 1930-ல் ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கினார். 1938-ல் இங்கிலாந்தில் பிறந்த எட்மண்ட் கூல்டிங் வார்னர் நிறுவனத்துக்காக மீண்டும் இயக்கினார். மூலக் கதை ஜான் மங்க் சாண்டர்ஸ் எழுதியது. முதல் படத்தின் கதைக்காக அவருக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது. வானத்தில் விமானங்கள் மோதிக்கொள்ளும் காட்சிகளுக்காகவே இரு படங்களும் விளம்பரமாயின. ஆனால் இவை இன்றும் பேசப்படுவதற்குக் காரணம் வானம் அன்று. தரையில் இருக்கும் ஓர் அறை, அதில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு தொலைபேசி.

கதை நிகழும் ஆண்டு 1915. 1938 படத்தில் 59வது படைப்பிரிவின் தலைவர் மேஜர் பிராண்ட். அவர் பறப்பதில்லை. மேலிடத்திலிருந்து தொலைபேசி ஒலிக்கிறது. நாளை விடியலில் இத்தனை விமானங்கள் இன்ன இடத்துக்குச் செல்ல வேண்டும் என்று உத்தரவு வருகிறது. கையில் இருப்பவர்களோ பயிற்சிப் பள்ளியிலிருந்து நேற்று வந்து இறங்கிய பையன்கள். போதாது என்று பிராண்ட் மன்றாடுகிறார். மறுமுனை கேட்பதில்லை. மறுநாள் காலை, திரும்பி வரும் விமானங்களின் இரைச்சலை அவரும் உதவி அதிகாரி ஃபிப்ஸும் அறைக்குள் இருந்தபடியே எண்ணுகிறார்கள். போனது எத்தனை, வந்தது எத்தனை? காதால் செய்யும் அந்தக் கணக்குக்கு ஈடான போர்க்காட்சி இந்தப் படத்தில் வேறில்லை. குண்டு வெடிக்கவில்லை, ரத்தம் தெரியவில்லை. ஓர் எண் மட்டும் குறைகிறது.

பிராண்டை வெறுப்பவர், அணித் தலைவர் கேப்டன் கோர்ட்னி. பையன்களைக் கூட்டிக்கொண்டு பறப்பவர் அவர். அவர்கள் எரிந்து விழுவதைக் கண்ணால் பார்ப்பவரும் அவரே. அறைக்குள் இருப்பவர் கல்நெஞ்சர் என்று நினைக்கிறார். அவருடைய உற்ற நண்பர் ஸ்காட். ஜெர்மன் விமானி வான் ரிக்டரின் தரப்பிலிருந்து, நீங்கள் தரையிலேயே இருப்பது நல்லது என்ற ஏளனத்தோடு ஒரு ஜோடி பூட்ஸ் வானிலிருந்து போடப்படுகிறது. நண்பர் இருவரும் உத்தரவை மீறி விடியலில் கிளம்பி ஜெர்மன் விமானத்தளத்தைத் தாக்கிவிட்டு உயிரோடு திரும்புகிறார்கள். பிராண்ட் கொதிக்கிறார். மேலிடமோ பாராட்டுகிறது, பிராண்டுக்குப் பதவி உயர்வும் தருகிறது. காலியாகும் இடத்துக்கு யாரைப் போடலாம் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் ஆயத்தமாக இருக்கிறது: கோர்ட்னி. பொறுப்பை ஒப்படைக்கும்போது பிராண்டின் முகத்தில் தெரியும் மகிழ்ச்சி பழிவாங்கியவனின் மகிழ்ச்சி. சிறையிலிருந்து விடுதலையானவனின் மகிழ்ச்சியும் அதே முகத்தில் இருக்கிறது.

பார்வையாளர்கள் கூர்ந்து நோக்க வேண்டிய இடம் இதற்குப் பின் வருவது. நாற்காலி மாறவில்லை, உட்கார்ந்தவர்தான் மாறியிருக்கிறார். அதே தொலைபேசி ஒலிக்கிறது. அதே மன்றாட்டு, இப்போது கோர்ட்னியின் குரலில். அதே மறுப்பு. புதிதாக வந்திறங்கும் பையன்களில் ஒருவன் ஸ்காட்டின் தம்பி. சில நாள் பயிற்சி கொடு, பிறகு அனுப்பு என்று ஸ்காட் நண்பனிடம் கேட்கிறான். கேட்டது நியாயம். ஆனால் இவனை நிறுத்தினால் இவனுடைய இடத்தில் போகிறவனும் யாருக்கோ தம்பிதான். கோர்ட்னி விலக்கு அளிக்கவில்லை. தம்பி போகிறான், திரும்பவில்லை. நேற்றுவரை தோளில் கைபோட்டுத் திரிந்த ஸ்காட், கோர்ட்னியை இப்போது கொலைகாரனாகப் பார்க்கிறான். கோர்ட்னி பிராண்டை எந்தக் கண்ணால் பார்த்தாரோ, அதே கண்.

பதவி மனிதனைக் கெடுக்கிறது என்று சொல்லும் கதைகள் ஏராளம். இது அந்த வகையைச் சேர்ந்ததல்ல. கோர்ட்னி கெட்டுப்போகவில்லை, அதிகாரத்தில் மயங்கவும் இல்லை. பறந்துகொண்டிருந்தபோது அவருக்கு இருந்த ஒரே ஆறுதல், ஆபத்தில் தானும் பங்காளி என்பது. நாற்காலி அதைப் பறித்துக்கொள்கிறது. தன் உயிரைப் பணயம் வைக்கும் துணிவு ஒருவகை. பிறர் உயிரைப் பணயம் வைத்துவிட்டு அன்றிரவு தூங்க முயல்வதற்கு வேண்டிய துணிவு முற்றிலும் வேறுவகை. முன்னதில் நிகரற்ற கோர்ட்னிக்குப் பின்னது கைவரவில்லை.

எதிரி எல்லைக்கு அப்பால் வெகுதொலைவில் உள்ள வெடிமருந்துக் கிடங்கைத் தனி ஒருவராகச் சென்று அழிக்கும் பணி வருகிறது. திரும்பி வருவது அரிது. ஸ்காட் முன்வருகிறான். கோர்ட்னி அவனுக்கு மது ஊற்றிக்கொடுத்து மயங்கவைத்துவிட்டு, தானே பறந்து சென்று கிடங்கை அழித்து, வானில் சுட்டு வீழ்த்தப்பட்டு இறக்கிறார். பலர் இதைத் தியாகம் என்று எழுதினார்கள். தியாகம்தான், ஐயமில்லை. தப்பித்தலும்தான். நாற்காலியிலிருந்து இறங்க அவருக்குக் கிடைத்த ஒரே வழி அது. படம் இதை அறிந்தே வைத்திருக்கிறது. ஆகவேதான் அவருடைய வீரமரணத்தோடு முடியாமல், ஸ்காட் அந்த மேசைக்கு வருவதுவரை செல்கிறது. புதிய பையன்கள் வந்து நிற்கிறார்கள். உத்தரவுகளை இப்போது ஸ்காட் படிக்கிறான். ஒருவர் உயிரைக் கொடுத்தும் அந்த ஏற்பாட்டில் ஓர் அணுவும் அசையவில்லை.

கதை எழுதிய சாண்டர்ஸ் அப்போரின்போது அமெரிக்கப் படையில் பறக்கக் கற்றுக்கொடுத்தவர். பிரான்ஸ் போர்முனைக்கு அனுப்பப்படவே இல்லை. ஹாக்ஸும் போரின்போது அமெரிக்க ராணுவ விமானப் பிரிவில் இருந்தவர். அவருக்கு இழப்பு போர்முனையில் நேரவில்லை, சினிமாவில் நேர்ந்தது. 1930 ஜனவரி 2 அன்று, வேறொரு படத்துக்காகக் கலிபோர்னியக் கடலோர வானில் காட்சி எடுத்துக்கொண்டிருந்த இரு விமானங்கள் மோதிப் பத்துப் பேர் இறந்தனர். அந்தப் படத்தின் இயக்குநரும் ஹாக்ஸின் தம்பியுமான கென்னத் ஹாக்ஸ் அவர்களில் ஒருவர். தம்பியைப் பறிகொடுத்த அதே ஆண்டில் வெளிவந்ததுதான், தம்பியை வானத்துக்கு அனுப்பும் இந்தப் படம். பேசும்படம் பிறந்த புதிது; நடிகர்கள் நாடக மேடையில் முழங்குவதுபோல் முழங்கிய காலம். ஹாக்ஸ் தன் நடிகர்களைத் தணிந்த குரலில் பேசவைத்தார். அழுகை இல்லாத துக்கம் அந்தப் படத்துக்கு இப்படித்தான் வந்தது. தன்னுடைய ‘ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்’ படத்திலிருந்து திருடியதாக ஹோவர்ட் ஹியூஸ் வழக்குப் போட்டார், அது நிற்கவில்லை.

1938 படத்தின் வான்காட்சிகளில் பல முதல் படத்திலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டவை. அதன் பலம் நடிப்பில் இருக்கிறது. கோர்ட்னியாக எரால் ஃபிளின், ஸ்காட்டாக டேவிட் நிவன், பிராண்டாக பேசில் ராத்போன். ராத்போன் முதல் உலகப் போரில் லிவர்பூல் ஸ்காட்டிஷ் படையில் போரிட்டு ‘மிலிட்டரி கிராஸ்’ பதக்கம் பெற்றவர். அவருடைய தம்பி ஜான் 1918 ஜூனில் போர்முனையில் இறந்தார். நிவனின் தந்தை 1915-ல், அதாவது கதை நிகழும் அதே ஆண்டில், கலிப்போலியில் மடிந்தவர். ராத்போனின் முகத்தில் பிராண்டின் களைப்பு அவ்வளவு உண்மையாக இருப்பதை நடிப்புத் திறன் என்ற ஒன்றைக்கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது. படம் வெளியான டிசம்பரில், மியூனிக் ஒப்பந்தத்தின் மை காய்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அடுத்த செப்டம்பரில் அடுத்த உலகப் போர். நிவன் ஹாலிவுட்டை விட்டுப் புறப்பட்டுப் பிரிட்டிஷ் ராணுவத்தில் மீண்டும் சேர்ந்தார்.

வரலாற்றோடு ஒப்பிட்டால், படம் 1915 என்று சொன்னாலும் அது காட்டும் நிலைமை 1917-க்கே நெருக்கமானது. 1917 ஏப்ரலில் அராஸ் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை இழந்த விமானங்கள் 245. இறந்தோரும் காணாமற்போனோரும் 200-க்கு மேல். ‘ரத்த ஏப்ரல்’ என்றே அந்த மாதத்துக்குப் பெயர் நிலைத்துவிட்டது. இருபது மணி நேரம்கூடப் பறந்து பழகாதவர்கள் போர்முனைக்கு வந்தார்கள். அங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். சண்டையிடும் விமானம் ஜெர்மன் பக்கமே ஒதுக்கப்படும். அடிபட்ட விமானம் எதிர்காற்றில் வீடு திரும்ப வேண்டும். தீப்பிடித்தால் குதிக்கப் பாராசூட் கிடையாது. தரையோடு கம்பிவடத்தால் கட்டிய பலூனில் நின்று வேவு பார்த்தவர்களுக்குப் பாராசூட் இருந்தது. ஜெர்மன் விமானிகளுக்கும் 1918-ல் கிடைத்தது. பிரிட்டிஷ் விமானிகளுக்கு அந்தப் போர் முடியும்வரை கொடுக்கப்படவே இல்லை. இந்தியர்களும் அந்த வானில் இருந்தார்கள். கல்கத்தாவில் பிறந்த இந்திரலால் ராய் 1918 ஜூலையில் இரண்டே வாரத்துக்குள் பத்து வெற்றிகளைக் குவித்து, 22ஆம் தேதி வீழ்த்தப்பட்டார். வயது 19.

இந்த இழப்பெல்லாம் தவிர்க்க முடியாத விதியா? இல்லை. 60வது படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிய மேஜர் ராபர்ட் ஸ்மித்-பேரி, படத்தின் பிராண்டைப் போலவே, அரைகுறைப் பயிற்சியோடு வந்தவர்களை அனுப்ப வேண்டிய இடத்தில் இருந்தவர். அவர் குடித்து மறக்க முயலவில்லை. தானே பறந்து சாகவும் போகவில்லை. பயிற்சி முறையே தவறு என்று மேலிடத்துக்கு எழுதினார். 1916 இறுதியில் இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் ஒரு பயிற்சிப் பிரிவு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு கொண்ட ஆவ்ரோ 504 விமானம், இருவரும் பறந்தபடியே பேசிக்கொள்ள ஒரு குழாய், ஆபத்தான நிலைகளைத் தவிர்ப்பதற்குப் பதில் அவற்றுக்குள் வேண்டுமென்றே போய் மீளக் கற்பிக்கும் பாடம். இவற்றைக்கொண்டு அவர் வகுத்த முறை விமானப்படை முழுவதற்கும் பரவியது. பிற நாடுகளும் பின்பற்றின.

இந்தப் படத்தின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவர்களை அது காட்டுவதில்லை. எதிரி எல்லைக்குள் இடைவிடாமல் பறந்து தாக்கியே தீர வேண்டும் என்பது பிரான்சில் அப்படைக்குத் தலைமை ஏற்றிருந்த ஹியூ டிரெஞ்சர்டின் கொள்கை. எத்தனை மணி நேரப் பயிற்சி, எந்த விமானம், பாராசூட் உண்டா இல்லையா என்று முடிவு செய்தவர்களும் மேலே இருந்தார்கள். படமோ போரை மழை வெயிலைப் போல யாராலும் மாற்ற முடியாத ஒன்றாக வைத்துவிட்டு, அதன் கீழ் நசுங்கும் மேஜர்களை மட்டும் காட்டுகிறது. இரக்கத்துக்குரியவர்களைச் சரியாக அடையாளம் கண்ட படம், பொறுப்பேற்க வேண்டியவர்களிடம் போய்ச் சேரவில்லை.

அப்படியிருந்தும், ஆணையிடுபவரின் சுமையை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன போர்ப்படங்கள் சிலவே. காதல் கிளைக்கதை இல்லை. இரு படங்களிலும் பெண் பாத்திரமே இல்லை. எதிரி அரக்கனாகவும் இல்லை. பிடிபட்ட ஜெர்மன் விமானியோடு இவர்கள் ஒரே மேசையில் குடிக்கிறார்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்பவர்கள் 1938 படத்தைப் பார்க்கலாம், ராத்போனுக்காக. இரண்டையும் பார்ப்பவர்கள் 1930 படத்தை முதலில் பார்ப்பது நல்லது.