சுகம் வந்தவருக்கு வேலை கொடுங்கள்

முன்வரிசையில் இருக்கும் கடை முதலாளிமாரே, சங்கத் தலைவர்மாரே, நெடுங்கேணி உறவுகளே,

இருமுனைய மனநோய் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சில காலம் நித்திரையின்றி, வாய் ஓயாமல், கையிலுள்ள காசையெல்லாம் வாரியிறைக்கும் எழுச்சி. பிறகு, பாயை விட்டு எழும்ப முடியாத சோர்வு. இரண்டுக்கும் இடையில் ஆள் சுகமாக இருப்பார். நாமோ எழுச்சியை மட்டும் பார்த்து ‘விசர்’ என்று பட்டம் சூட்டி, நல்லாயிருக்கும் வருடங்களிலும் அவரை வாசலோடு அனுப்பிவிடுகிறோம்.

இந்த எழுச்சியை லித்தியம் அடக்கும் என்று 1949இல் எழுதியவர் ஜோன் கேட் என்ற அவுஸ்திரேலிய வைத்தியர். யப்பானியரின் சிறைமுகாமில் மூன்று வருடத்துக்கு மேல் கிடந்து மீண்டவர். மீண்டவர் திரும்பவும் வேலைக்குப் போனதால்தான் உலகத்துக்கு இந்த மருந்து கிடைத்தது. இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து மீண்டு வந்து பற்றைக்காடாய்க் கிடந்த வயலைத் திருத்தி விதைத்த உங்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

நோய் தணிந்த பிறகும் சிலருக்கு ஞாபகமும் கவனமும் திட்டமிடும் திறனும் கொஞ்சம் மந்தமாக நிற்கும். எல்லாருக்கும் அல்ல. படித்த படிப்பும் பேச்சுவன்மையும் பெரும்பாலும் குறைவதில்லை. நெல் ஆலையில் நாலு பேர் ஒரேநேரத்தில் நாலு வேலை ஏவினால் தடுமாறுகிறவர், அதையே கொப்பியில் எழுதிக் கொடுத்தால் ஒவ்வொன்றாக முடித்துத் தருவார்.

ஆகவே முதலாளிமாரே, சுகம் வந்தவருக்கு வேலை கொடுங்கள்; ஆனால் இரவுக் காவல் கொடுக்காதீர்கள். நித்திரை குழம்பினால் நோய் திரும்பக்கூடும். லித்தியம் குளிசை எடுப்பவரைத் தண்ணீரின்றி வெயிலில் நிறுத்தாதீர்கள். இரத்தத்தில் மருந்து நஞ்சாகும் அளவுக்கு ஏறலாம். சிறுநீரக நோய் அறிந்த வவுனியா மாவட்டத்துக்கு இந்த எச்சரிக்கை இன்னும் பொருந்தும். கிளினிக் நாளில் லீவு கொடுங்கள்.

இதை நான் தருமமாகக் கேட்கவில்லை. தகுதியுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு அரச வெற்றிடங்களில் 3 வீதம் ஒதுக்கச் சொல்கிறது 1988ஆம் ஆண்டின் சுற்றறிக்கை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உடற்குறையோடு உளக்குறையையும் சேர்த்தே எண்ணி, வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு கூடாது என்கிறது.

சட்டம் கொழும்பில் எழுதப்பட்டது. வேலை இங்கே, உங்கள் கடையிலும் ஆலையிலும் சங்கத்திலும் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் உங்களில் ஒருவராவது வந்து, “ஒராளை அனுப்புங்கோ, மூன்று மாதம் வைச்சுப் பார்க்கிறன்” என்று சொல்லுங்கள். அதற்குத்தான் வந்தேன்.