உலக்கையைக் கையில் கொடுங்கள்



கோடை விடுமுறை தொடங்கிவிட்டது. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் வரிசை கட்டத் தொடங்கியிருக்கும். காலையில் ஏறுகிறார்கள். சீக்குப்பாறையில் நின்று படம் எடுக்கிறார்கள், வாசலூர்பட்டியில் படகு விடுகிறார்கள், அன்னாசிப்பழம் வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடுகிறார்கள். முதல்முறை மலை பார்க்க வருபவர்களுக்கு அது போதும். ஆனால் இதே மலையில் பிறந்து வளர்ந்த அம்மாவையோ அப்பாவையோ பின்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு, அதே சுற்றை அதே வேகத்தில் சுற்றிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

என் அம்மா பிறந்த இடம் பெரக்கரை நாடு. கொல்லிமலையின் 14 நாடுகளில் ஒன்று. அப்பாவுக்குச் சேந்தமங்கலம் பக்கம் வேலை கிடைத்ததால் குடும்பம் கீழே வந்தது. நான் கீழே பிறந்தவள். என் பிள்ளைகளும் அப்படித்தான். ஆனாலும் கோடை வந்தால் அம்மாவோடு மலைக்குப் போகிறோம். இப்படிப் பெற்றவர்கள் வளர்ந்த மண்ணுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவது ஒரு பழக்கம் மட்டும் இல்லை. அதைச் செய்வதற்கென்று ஒரு முறை இருக்கிறது. அதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியலை முதலில் கீழே வையுங்கள். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, மறுபடி ஏறவேண்டும். முழங்கால் வலிக்கிற அம்மாவை மேலே அறப்பளீசுவரர் கோயில் வாசலில் உட்காரவைத்துவிட்டு, மற்றவர்கள் குளிக்கப் போவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பயணம் யாருக்காகப் புறப்பட்டது? அறப்பளீசுவரரைக் கும்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நாளின் பெரும்பகுதி அம்மாவின் ஊருக்கு, அம்மா நடக்கிற வேகத்துக்கு என்று இருக்கட்டும்.

அடுத்ததாகச் சொல்வதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். பெரியவர்களிடம் கேள்வி கேட்காதீர்கள். கையில் வேலையைக் கொடுங்கள்.

போன கோடையில் நடந்ததைச் சொல்கிறேன். மாமா வீட்டுத் திண்ணையில் அம்மா உட்கார்ந்திருந்தார். என் மகள் செல்போனை நீட்டி, "அம்மாயி, உங்க காலத்துல இங்கெல்லாம் எப்படி இருந்துச்சு? சொல்லுங்க" என்றாள். "என்ன சாமி இருந்துச்சு, கஷ்டந்தான்" என்றார் அம்மா. அவ்வளவுதான். எப்போது கேட்டாலும் அந்த ஒரே பதில்தான் வரும்.

அன்று மின்சாரம் இல்லை, மில் ஓடவில்லை. அத்தை தானியம் சேமிக்கும் தொம்பையிலிருந்து சாமையை எடுத்து உரலில் கொட்டி, உலக்கையைத் தூக்கினார். அம்மா திண்ணையிலிருந்து எழுந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுவரில் சாத்தியிருந்த இன்னொரு உலக்கையை எடுத்தார். ஒரே உரலில் இரண்டு உலக்கை. ஒன்று இறங்கும்போது மற்றொன்று மேலே. ஒன்றோடொன்று இடிக்கவே இல்லை. மலையை விட்டு இறங்கி இத்தனை காலம் ஆகியும் அந்தக் கைக்கு எதுவும் மறக்கவில்லை.

சாமையின் உமி லேசில் விடாது, நேயர்களே. காயவைக்கவேண்டும், குத்தவேண்டும், முறத்தில் புடைக்கவேண்டும், மறுபடி குத்தவேண்டும். கை வேலை செய்ய, அம்மாவின் வாய் தானாகத் திறந்தது. வெள்ளப்பெருஞ்சாமை, சடஞ்சாமை, மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை என்று வகைவகையாகச் சொன்னார். எது சீக்கிரம் விளையும், எதில் சோறு ருசிக்கும் என்று அத்தையோடு வாதாடினார். நானே கேட்டிராத பெயர்கள் அவை.

பிறகு இன்னொன்றும் சொன்னார். அம்மா பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர் என்பது எனக்குத் தெரியும். ஏன் என்று கேட்டால் "படிப்பு ஏறல" என்று முடித்துவிடுவார். அன்றைக்கு, புடைத்த உமியை ஊதிக்கொண்டே, "விடியுமுந்தி குத்தினாத்தான் பொழுதுக்குச் சோறு. வீட்டுல கை பத்தல. நின்னுக்கச் சொல்லிட்டாங்க" என்றார். நல்லாப் படிச்சேன் என்றும் சொன்னார். என் மகள் செல்போனைக் கீழே வைத்துவிட்டு அம்மாயி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

எவ்வளவு கேள்வி கேட்டிருந்தாலும் அந்தப் பதில் வந்திருக்காது. அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன்: கேள்வி கேட்காதீர்கள், வேலையைக் கொடுங்கள். உங்கள் அப்பாவுக்கு அது பலாப்பழம் அறுப்பதாக இருக்கலாம். கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவி, பால் ஒட்டாமல் சுளை எடுக்க அவருக்குத் தெரியும். கோடையில் மலை முழுக்கப் பலா வாசம்தானே. மிளகுக் கொடியைச் சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிக் கட்டுவதாக இருக்கலாம். எதுவாக இருந்தாலும், அவர் செய்யட்டும், பிள்ளைகள் கூடச் செய்யட்டும்.

பழைய காலம்தான் பொற்காலம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். உமி நீக்கும் இயந்திரம் மலைக்கு வந்தது மிக நல்ல காரியம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இந்த மலையில் சிறுதானியங்களைக் காப்பாற்றப் பாடுபட்டது. அந்த வேலையில், பெண்களின் குத்துகிற பாட்டைக் குறைப்பது முக்கியமான பகுதியாக இருந்தது. சாமை விதைப்பது குறைந்துபோனதற்கு அந்தப் பாடும் ஒரு காரணம். இன்னொரு காரணம் மரவள்ளிக்கிழங்கு. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் வாங்கிக்கொள்வதால் காசு கைக்கு வருகிறது. அம்மா சாமை அறுத்த சரிவில் இப்போது மரவள்ளி நிற்கிறது. "காசு வருது, நல்லதுதான்" என்கிறார் அம்மா. எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நகரத்துக் கடைகளில் சாமைப் பொட்டலம் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதை விளைவித்துக் குத்திப் புடைத்த பெண்கள் நம் வீட்டிலேயே இருக்கும்போது, சாமையைப் பற்றிச் செல்போனில் படித்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றியும் அவரை வன்பரணர் பாடியதைப் பற்றியும் பிள்ளைகளுக்குப் பாடத்தில் வரும். செம்மேட்டில் ஓரியின் சிலையையும் அவர்கள் பார்ப்பார்கள். அது நல்லது. ஆனால் அம்மாயி எந்தப் பாதையில் புல்லுக்கட்டு சுமந்து வந்தார், எந்த ஊற்றில் தண்ணீர் எடுத்தார் என்பது எந்தப் பாடத்திலும் வராது. அதை அவரோடு நடந்துதான் தெரிந்துகொள்ள முடியும். வண்டியை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட்டு, அவர் பின்னால் நடங்கள். நீங்கள் முன்னால் போகாதீர்கள். அவர் நிற்கிற இடத்தில் நில்லுங்கள். பேசாமல் நின்றாலும் கூடவே நில்லுங்கள்.

இந்த விடுமுறையில் போவதாக இருந்தால், ஒருநாளில் திரும்பாதீர்கள். இரண்டு இரவாவது சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். போகும்போது அரிசி, மளிகை வாங்கிக்கொண்டு போங்கள், அந்த வீட்டுக்குப் பாரமாக இருக்கவேண்டாம். எந்த நாளில் போவது, எங்கெங்கே போவது என்பதை அம்மாவிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். ஜூனில் பள்ளி திறந்துவிடும். இன்றைக்கே கேளுங்கள்.