டெல்லியிடம் கேட்டதைக் கோட்டையிடமும் கேட்போம்



மாநில சுயாட்சி என் உயிர்க் கொள்கை. 1976 ஜனவரி 31 அன்றும் 1991 ஜனவரி 30 அன்றும் நாம் தேர்ந்தெடுத்த ஆட்சியை அரசியலமைப்பின் 356-ஆவது பிரிவைக் காட்டி டெல்லி கலைத்தது. இரண்டாவது முறை ஆளுநர் அறிக்கைகூட இல்லை! அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. ஆறவும் கூடாது.

ஆனால் நம் கையிலேயே ஒரு 356 இருக்கிறதே, அதை என்ன செய்யப் போகிறோம்? 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆவது பிரிவைச் சொல்கிறேன். ஊரே ஓட்டுப் போட்டு உட்கார வைத்த ஊராட்சித் தலைவரை மாவட்ட ஆட்சியர் நீக்கலாம். முதலமைச்சரை டெல்லி இறக்கினால் அநியாயம், ஊராட்சித் தலைவரை ஆட்சியர் இறக்கினால் நிர்வாகமா?

1959-இல் சென்னை மாநகராட்சியைப் பிடித்தது திமுக. 1967-இல் கோட்டைக்கு ஏறிப்போன இயக்கத்துக்கு அது முக்கியமான படி. குழாயடிச் சண்டையிலும் சாக்கடைப் பிரச்சினையிலும் மக்களோடு நின்று வளர்ந்தவர்கள் அந்தக் கவுன்சிலர்கள். அந்த மாநகராட்சியை 1973 டிசம்பரில் கலைத்தது யார்? டெல்லியா? இல்லை, நம் ஆட்சி! ஊழல் என்றார்கள். ஊழல் செய்தவன்மீது வழக்குப் போடு, சிறையில் தள்ளு. தேர்தலையே நிறுத்துவதா? அடுத்த ஏப்ரலில் அதே அரசு சட்டமன்றத்தில் மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றியது. பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய தீர்மானம்தான். ஆனால் சென்னைக்கு மறுபடி மேயர் வந்தது 1996-இல்! இடையில் கோட்டையில் எத்தனை ஆட்சி மாறியது? ஒருவருக்கும் மனம் வரவில்லையே!

2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. ஊராட்சித் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில், அதுவும் எல்லா மாவட்டங்களிலும் இல்லை. 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் மீண்டும் தலைவருக்குப் பதில் தனி அலுவலர். தெருக்குழாய் மோட்டார் எரிந்துபோனால் முன்பெல்லாம் தலைவர் வீட்டு வாசலில் நின்று சத்தம் போடுவாள் நம் தாய். இன்று பஸ் பிடித்து ஒன்றிய அலுவலகம் போகிறாள். அங்கே பி.டி.ஓ. மீட்டிங்குக்குப் போயிருக்கிறார்!

ஏன் இந்த நிலை? ஊராட்சித் தலைவர் செல்வாக்குப் பெற்றால் எம்.எல்.ஏ.வுக்குப் போட்டியாவார் என்ற பயம். காண்டிராக்ட் கைமாறும் என்ற கவலை. தோழர்களே, தப்புக் கணக்கு இது! வார்டில் நின்று ஜெயித்தவன்தான் நாளைய தலைவன். அந்த வாசலை அடைத்தால் மாநிலக் கட்சிக்குப் புது ரத்தம் எங்கிருந்து வரும்? வாரிசும் பணக்காரனும்தான் வருவார்கள்.

பக்கத்தில் கேரளம் 1996-இல் மக்கள் திட்டத்தைத் தொடங்கி, திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. மாநில அரசு அங்கே மெலிந்துவிடவில்லை.

2025-இல் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் மாநில உரிமைக்குக் குழு அமைத்தார்கள். மனமார வரவேற்கிறேன். அந்தக் குழுவின் அறிக்கையோடு டெல்லிக்குப் போனால், “உங்கள் ஊராட்சிக்கு நீங்கள் என்ன கொடுத்தீர்கள்?” என்று கேட்பானே! என்ன பதில் வைத்திருக்கிறோம்?

205-ஐ நீக்கும் திருத்தத்தை அடுத்த கூட்டத்தொடரிலேயே கொண்டுவாருங்கள். இனி ஒவ்வொரு முறையும் பதவிக்காலம் முடியுமுன் தேர்தல் நடத்துங்கள். அதுவரை, நான் ஏறும் மேடையிலெல்லாம் டெல்லியோடு கோட்டையையும் சேர்த்தே கேள்வி கேட்பேன்!