உலோகத்தில் எழுதிய பெயர்

பழைய காரையோ லாரியையோ வாங்கி விற்றவர்களுக்கு ஒரு காட்சி நன்கு பழக்கமானது. சேஸிஸ் நம்பர் வெட்டப்பட்டிருக்கும் இடத்தைத் துடைத்து, அதன்மேல் மெல்லிய காகிதத்தை வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து ஒருவர் தேய்ப்பார். மேடான இடமெல்லாம் கருமை ஏற, பள்ளமான எழுத்துக்கள் மட்டும் வெண்மையாகத் துலங்கும். வர்ணமே இல்லாத எழுத்தை மேடுபள்ளத்தைக் கொண்டே வாசித்துவிடும் இந்த எளிய யுக்தியை நான் மிகவும் மதிக்கிறேன். ஏனெனில் இன்று தொழிற்சாலைகளில் விலையுயர்ந்த கருவிகள் செய்வதும் ஏறக்குறைய இதுவேயாகும்.

எண்ணெயிலும் அமிலத்திலும் உலைச் சூட்டிலும் புரளும் ஓர் இயந்திர உறுப்பின்மேல் ஒட்டிய காகிதம் எத்தனை நாள் நிற்கும்? ஆகவே கடின ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்தியோ, லேசர் கதிரால் சுட்டோ, மின்சாரத்தின் துணையால் அரித்தோ, உலோகத்தின் உடலிலேயே குறியைப் பதிக்கிறார்கள். பெரும்பாலும் அது டேட்டா மேட்ரிக்ஸ் என்னும் சிறு சதுரம். அதன் இரண்டு ஓரங்கள் முழுக்கோடாக நின்று சதுரம் எத்திசையில் கிடக்கிறது என்பதைக் கருவிக்கு உணர்த்தும். மற்ற இரண்டும் விட்டுவிட்டு அமைந்து, உள்ளே எத்தனை வரிசைகள் என்பதைச் சொல்லும். 1960-இல் ரீட், சாலமன் என்னும் இரு கணித அறிஞர்கள் வகுத்த முறை அதனுள் அமைந்திருப்பதால், சதுரத்தின் ஒரு பகுதி தேய்ந்து போனாலும் எண் மீண்டு வந்துவிடும்.

வாசிப்பதில்தான் கஷ்டம். காகிதத்தில் கறுப்பும் வெளுப்பும் இருக்கும். உலோகத்தில் எல்லாம் ஒரே நிறம். ஏரிக்கரைச் சேற்றில் மாட்டின் குளம்படி உச்சிவெயிலில் கண்ணுக்குப் புலப்படாமல், காலை இளவெயில் சாய்ந்து விழும்போது தெளிவாகத் தெரிவதைக் கண்டிருப்பீர்கள். அதே நியாயத்தால், பக்கவாட்டில் தாழ்வாக ஒளியைப் பாய்ச்சினால், வழவழப்பான பரப்பு அதை அப்பால் எறிந்துவிட்டு இருண்டு நிற்க, புள்ளிக்குழியின் சரிவு மட்டும் ஒளியைக் காமிராவுக்குத் திருப்பி மின்னும். வார்ப்பு இரும்பின் சொரசொரப்பான மேனியிலோ இவ்வொளி ஒவ்வொரு பருக்கையையும் மின்னச் செய்து குழப்பும். அங்கே கவிகை போன்ற விளக்கினால் நாற்புறமும் மென்மையாகப் பரவும் ஒளியே பெரும்பாலும் உதவும்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நேர்ந்த துயரத்தை நினைவூட்டுவேன். 296 பேருடன் பறந்த டி.சி.-10 விமானத்தின் வால் எஞ்சினில் டைட்டானியத் தட்டு ஒன்று வெடித்துச் சிதற, விமானம் சூ சிட்டியில் நொறுங்கி விழுந்து 112 பேர் மாண்டனர். தட்டின் பெரும்பகுதி மூன்று மாதம் கழித்து மக்காச்சோள வயலில் அகப்பட்டது. உலோகத்தை உருக்கியபோதே உள்ளே தங்கிய சிறு குற்றத்திலிருந்து விரிசல் பல ஆண்டுகளாக வளர்ந்தது புலனாயிற்று. ஆனால் அத்தட்டின் பூர்வ சரித்திரத்தை அறியப் பழைய பதிவுகளைப் புரட்டியபோது, ஒரே வரிசை எண் இரண்டு தட்டுகளுக்கு எழுதப்பட்டிருந்தது. அவற்றுள் ஒன்று, ஒலியலைச் சோதனையில் ஐயத்துக்கு உள்ளானது!

எண் இருந்தது, அதற்கு உரியது எது என்பதுதான் தெளிவாகவில்லை. இன்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, 2004 முதல், உற்பத்தியாளரின் அடையாளத்தையும் வரிசை எண்ணையும் சேர்த்து உலகில் வேறெதற்கும் வராத ஓர் எண்ணைத் தன் முக்கியப் பொருள்களில் பதிக்க வேண்டுமென விதித்திருக்கிறது. அத்துடன், குறி பதித்த மேஜையிலேயே, உறுப்பு அடுத்தவர் கைக்குப் போகுமுன், அதை ஒருமுறை வாசித்து, அதே எண் பதிவேட்டில் முன்னரே ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். அங்கே அதற்குச் சில விநாடிகள் போதும். சூ சிட்டித் தட்டு செய்யப்பட்டுப் பதினேழு ஆண்டுகளுக்குப் பின், வயலில் கிடைத்த துண்டை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியவில்லை.