சிங்கை நேசனும் அதன் அண்டை உலகமும்



நம் வட்டார இதழ்களின் வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் ‘எது முதல்?’ என்னும் வினாவோடு தொடங்கி, அவ்வினாவோடேயே நின்றுவிடுகின்றனர். 1875இல் சிங்கை வர்த்தமானி, 1876இல் தங்கை நேசன் எனப் பட்டியல் நீளும். ஆனால் அவ்விரண்டும் பெயரளவிலேயே எஞ்சியுள்ளன. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மொழியாய்வு செய்தல் இயலாது. ஆதலின், படிக்கக் கிடைக்கும் சிங்கை நேசனையே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

சி. கு. மகுதூம் சாயபு ஆசிரியராக இருந்து நடத்திய இவ்வார இதழ், 1887 சூன் 27, திங்கட்கிழமை தொடங்கிற்று. விக்டோரியா அரசியின் பொன்விழா கொண்டாடப்பெற்ற மாதம் அது. 1890 வரை, மூன்றே ஆண்டுகள் நடந்தது. அச்சிட்ட இடம் தீனோதய வேந்திரசாலை. இப்பெயரில் வேந்தரைத் தேடுவோர் உளர், தேட வேண்டுவதில்லை. தீனோதய, ஏந்திரசாலை எனப் பிரித்தால் பொருள் தெளியும். இடையில் நிற்பது வகர உடம்படுமெய். ஏந்திரம் என்பது எந்திரமே. அச்சகத்தின் பெயரிலும் புணர்ச்சி விதியைக் கைவிடாத காலம் அது!

‘சிங்கை’ என்னும் சொல்லும் நின்று நோக்கத்தக்கது. தஞ்சாவூர் தஞ்சையாயிற்று, நாகப்பட்டினம் நாகையாயிற்று, சிங்கப்பூர் சிங்கையாயிற்று. யாழ்ப்பாணத்து ஆரிய மன்னர்க்கும் ஒரு சிங்கை உண்டெனினும், நம்மவர் அதனைப் பார்த்துப் பெயரிட்டனர் என்று நாம் கருதவில்லை. கடல் கடந்து வந்தோர், பிழைக்க வந்த துறைமுகத்தைத் தம் சொந்த ஊர்களின் வரிசையில் மருவு மொழியாக வைத்துவிட்டனர். குடியேற்றத்தைப் பற்றிய அரசு ஆவணம் எதுவும் இதனை நமக்குச் சொல்லாது.

இந்நகரில் தமிழ் தனித்து வாழவில்லை. 1876இல் இங்குத் தொடங்கிய ஜாவி பெரானாக்கான் என்னும் மலாய் வார இதழ், தென்னிந்திய முஸ்லிம் தந்தையர்க்கும் மலாய்த் தாயர்க்கும் பிறந்தோர் வழிவந்த சமூகத்தின் முயற்சி. அரபு வரிவடிவில், மலாய் மொழியில் அது வந்தது. ஆகவே தமிழ் இதழை மட்டும் தனியே எடுத்துப் படிப்பவர், ஒரே தெருவின் ஒரு பக்கத்தை மட்டும் கண்டவராவர். ஒப்பிட்டுப் படிக்க இரு வரிவடிவங்களும் அறிந்த இளையோர் வேண்டும். அத்தகையோர் மிகச் சிலரே என்பது நம் கவலை.

கணினி இருக்கிறதே என்பர். பழைய தாளைப் படமெடுத்து வைத்தல் எளிது. எழுத்தாக மாற்றித் தேடுதல் அரிது. 1978இல் தமிழக அரசு சீர்திருத்தியதற்கு முந்தைய ணை, லை, றா, னா வடிவங்களிலும், மங்கிய மையிலும் கருவி தடுமாறுகின்றது. மனிதர் ஒருவர் அமர்ந்து வரி வரியாகத் திருத்தவேண்டும்.

பிற்காலத்து இதழ்களும் பாதுகாப்பானவை என எண்ணற்க. 1924இல் கோலாலம்பூரில் தோன்றிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோயிற்று. தோட்டப்புறங்களிலும் சிற்றூர்களிலும் சங்கங்கள் வெளியிட்ட மலர்களோ எந்நூலகத்தையும் எட்டாமற் போயிருக்கலாம். தங்கள் இல்லங்களில் பழைய இதழ் ஒன்றேனும் இருப்பின், கிழிந்திருந்தாலும் முகப்பில்லாதிருந்தாலும், எடைக்குப் போடுமுன் நூலகத்தாரிடம் ஒருமுறை காட்டுங்கள்.