கையுறையும் கல்வியுரிமையும்

(கிளைச் செயலாளர்களுக்கான கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



பள்ளிச் சேர்க்கைக் காலம் தொடங்கிவிட்டது. சென்ற வாரம் கட்டுமானத் தொழிலாளியான ஒரு தோழர் என்னிடம், "மகளை முதல் வகுப்பில் சேர்க்க வேண்டும். சேர்க்கைப் பிரிவில் இருப்பவரை வெறுங்கையுடன் பார்ப்பது முறையா? ஓர் இனிப்புப் பெட்டியாவது கொடுக்க வேண்டாமா?" என்று கேட்டார். அக்கேள்வியில் கள்ளமில்லை. பெரியோரைக் காணச் செல்கையில் பழம் வாங்கிச் செல்லும் வழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம்.

ஆனால் உறவினர் வீட்டிற்குக் கொண்டுசெல்லும் பழத்திற்கு நாம் கைம்மாறு கேட்பதில்லை. சேர்க்கைப் பட்டியல் வெளிவருவதற்கு முன் மேசைமீது வைக்கும் பெட்டியோ கைம்மாறு கருதியே வைக்கப்படுகிறது. இன்று நாம் இனிப்பு கொடுத்தால், நாளை இன்னொருவர் பட்டுப்புடவை கொடுப்பார். மூன்றாமவர் இலட்சங்களில் 'நன்கொடை' கொடுப்பார். இது ஓர் ஏலம். ஏலத்தில் உழைப்பாளி வென்றதில்லை.

சட்டம் என்ன கூறுகிறது? 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின்படி, அறிவிக்கப்பட்ட கட்டணத்திற்கு மேல் பெறப்படும் எவ்வகை நன்கொடையும் தலைவரிக் கட்டணமே. அதை வாங்கினால், வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் விதிக்க 13ஆம் பிரிவு இடமளிக்கிறது. அரசு ஊழியர் விஷயத்தில், 2018இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டம் கொடுப்பவரையும் குற்றவாளியாக்குகிறது. வற்புறுத்தலால் கொடுக்க நேர்ந்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் அளித்தால் மட்டுமே விலக்குப் பெறுவார்.

எனினும், மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் எழுத்தரை மட்டும் பழிப்பது நம் பார்வையாக இருக்க முடியாது. நல்ல பள்ளிகள் குறைவாக இருப்பதே இந்த ஏலத்தின் வேர். கோத்தாரி ஆணையம் 1966இலேயே பொதுப்பள்ளி முறையைப் பரிந்துரைத்தது. தேசிய வருமானத்தில் 6 விழுக்காட்டைக் கல்விக்கு ஒதுக்கவும் கோரியது. 2020ஆம் ஆண்டின் கல்விக் கொள்கையும் அதே 6 விழுக்காட்டைத்தான் திரும்பச் சொல்கிறது. அரை நூற்றாண்டு கடந்தும் அந்த இலக்கு எட்டப்படவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் தனியார் வணிகம் செழிக்கிறது.

இங்கே ஒரு சுயவிமர்சனமும் தேவை. சிபாரிசுக் கடிதமும் ஒருவகைக் கையுறையே. கேந்திரிய வித்யாலயாக்களில் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு இருந்த சேர்க்கை ஒதுக்கீடு 2022இல் நீக்கப்பட்டது. ஆயினும் நம் கட்சி அலுவலகங்களிலும் "ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்ற வேண்டுகோள்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரு குழந்தைக்காக நாம் சொல்லும் அந்த ஒரு வார்த்தை, வரிசையில் நிற்கும் மற்றொரு குழந்தையைப் பின்னுக்குத் தள்ளுகிறது.

அப்படியாயின் செய்ய வேண்டியது என்ன? சிறுபான்மை நிறுவனங்கள் நீங்கலான தனியார் பள்ளிகளில் தொடக்க வகுப்பின் 25 விழுக்காட்டு இடங்கள் நலிந்த, பின்தங்கிய பிரிவினருக்கு உரியவை. அதற்கான விண்ணப்பத்தை ஒவ்வொரு கிளையும் குடும்பங்களுடன் அமர்ந்து நிரப்ப வேண்டும். ஒப்புகைச் சீட்டின்றித் திரும்பக் கூடாது. செலுத்தும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேட்க வேண்டும். பணம் கேட்டால், தனியொரு பெற்றோரை அனுப்பாமல், பத்துப் பெற்றோரைத் திரட்டிக் கல்வி அலுவலகத்திற்குச் செல்ல வேண்டும். அரசுப் பள்ளியைக் காக்கும் போராட்டத்தையும் இதனுடன் இணைக்க வேண்டும்.

ஆசிரியருக்கு நன்றி கூற விரும்புவோர் தாராளமாகக் கூறலாம். பள்ளி நூலகத்திற்கு ஒரு புத்தகத்தை, அனைவரும் அறிய, சேர்க்கை முடிந்தபின் கொடுக்கலாம்.

அந்தத் தோழர் மறுநாள் வெறுங்கையுடன் சென்று, விண்ணப்பத்தைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டுடன் திரும்பினார். இடம் கிடைக்குமா என்பது இன்னும் தெரியவில்லை. கிடைக்காவிட்டால் காரணத்தைக் கேட்டு எழுத்தில் பெறுவோம். அன்று அவருடன் அந்தப் பள்ளி வாசலில் நிற்க வேண்டியவர்கள் நாம்.